இழந்தாளா, துறந்தாளா?



'இழந்தாள்' என்னும் வினைமுற்றைச் சற்று உற்று நோக்குங்கள். கணவனை இழந்தாள், நகையை இழந்தாள், நிலத்தை இழந்தாள் என்கிறோம். எங்கும் இழந்தவளே எழுவாய்; எடுத்துக்கொண்டவர் வாக்கியத்துள் தலைகாட்டுவதே இல்லை. தன்வினை, பிறவினை கற்பித்தே காலங்கழித்த எனக்கு இது வெறும் இலக்கணச் செய்தியாகத் தோன்றவில்லை.

சட்டம் கையாளும் சொல் பிறவினை. சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் உடலுரிமையையும் பறித்தலாகாது என்பது நம் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவின் கருத்து. பறித்தல் என்றவுடனே பறிப்பவர் ஒருவர் வந்து நின்றுவிடுகிறார். அவரை நோக்கி 'எம்முறைப்படி?' என வினவலாம். அம்முறையும் நேர்மையுடையதாதல் வேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல், பிழைப்பைப் பறிப்பதும் உயிரைப் பறிப்பதாகும் என்றது. (எங்கள் உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியக் கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரின் பெயரும் குடவோலையில் எழுதப்படலாகாது என்கிறது. உறவினர் செய்த பிழை யாதோ, கல் சொல்லவில்லை!)

இச்சொல்லின் பொருள் நம் சமயத்தையே நீதிமன்றத்தில் நிறுத்தியது. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலை முயற்சியாகக் கருதி நடவடிக்கை எடுக்குமாறு ஆணையிட்டது. அம்மாதம் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நம்மவர் வருந்தியது இயல்பே. திருநாதர்குன்றில் 57 நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இன்றும் நம் கண்முன் உள்ளதன்றோ?

ஆயினும், நம் விடை யாது? இங்குப் பறிப்பவர் எவருமிலர் என்பதே. சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டகத்தில், நீக்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேர்ந்தபோதே இதற்கு இடந்தருகிறார். பகையும் பற்றும் விட்டு, சுற்றத்தாரிடம் பொறுத்தருள வேண்டி, உணவைப் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். 'விரைந்து சாகமாட்டேனா' என்று விழைவதும் அவ்விரதத்திற்கு அதிசாரம்! அறிவும் அவகாசமும் மறுக்கும் உரிமையும் உடையவர் விடுவதே துறவு.

இவ்வுரைகல்லை நம் வீட்டுக்குள்ளும் கொண்டுவருவோமா? அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல் ஆகியவற்றோடு அன்னபான நிரோதம், அதாவது உணவும் நீரும் தராமை, ஐந்தாவது. மாட்டுக்கு நேரத்தில் தண்ணீர் காட்டாமையை நாம் பாவமென அறிவோம். நாட்டுச் சட்டமும் 1960 முதல் அதனைக் குற்றமென்கிறது. மூதாட்டியர்க்கோ? பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர் அவர். வேலைக்குச் சென்றோர் திரும்ப இருட்டிவிடுகிறது. அதற்குள் ஒரு பிடி சோறு எடுத்து வைப்பாரில்லை. கேட்டால், 'அத்தைக்கு இன்று விரதம்' என்று விடை வருகிறது. பட்டினிக்கு இப்படியும் ஒரு திருப்பெயர்! அடுப்பங்கரைப் பொறுப்பை மருமகள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு மகன் தப்பித்துக்கொள்வதும் முறையன்று.

நிலத்திற்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் உரியது. பிறப்பால் வரும் குடும்பச் சொத்துரிமையைத் தமிழ்நாடு 1989இல், அந்நாளில் மணமாகாதிருந்த பெண்மக்களுக்கு அளித்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் மணமான பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதன்பின் நம் ஊர்ப்புறங்களில் பெருகிய ஆவணம் 'விடுதலைப் பத்திரம்'. பொங்கலுக்குப் பிறந்தகம் வந்தவளைச் சார்பதிவாளர் அலுவலகம் அழைத்துச் சென்று, காட்டிய இடத்தில் கையொப்பம் பெறுகின்றனர். விடுதலை யாருக்கு என்று அவளும் கேட்பதில்லை. 'தங்கை பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள்' என்பது ஊர்ப்பேச்சு. மனமொப்பி விட்டுக்கொடுக்கும் சகோதரியரும் உளர். அவர்தம் அன்பை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால், தனக்குரியது எத்தனை சென்ட் என்றே அறியாதவள் எதனைத் துறந்தாள்?

இவ்வாண்டு அத்தகைய பத்திரம் எழுத எண்ணியிருக்கும் சகோதரர், வரைவை முதல்நாளே அவள் கையில் கொடுங்கள். சர்வே எண், பரப்பு, மதிப்பு யாவும் அவளே வாய்விட்டுப் படிக்கட்டும். 'வேண்டாம், என் பங்கு எனக்கு இருக்கட்டும்' என்று அவள் சொன்னாலும் அடுத்த தையில் சீர்வரிசையோடு அவள் வீட்டுத் திண்ணையில் போய் அமருங்கள்.