பெயர் சொல்லும் கருவியும் பொறுப்பேற்கும் மனிதனும்



தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் ஒரு மாலைப்பொழுது சற்றே நின்று பாருங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் உள்நாடு நோக்கி நீளும் களப்பு. கரையோரம் கண்டற் செடிகள், சேற்றிலே கால் புதைத்து இரை தேடும் பறவைகள், நீரிலே துள்ளும் மீன்குஞ்சுகள். இவற்றுள் எத்தனையை உங்களால் பெயர் சொல்லி அழைக்க முடியும்? உங்கள் பிள்ளைக்கு எத்தனை தெரியும்?

"அதற்கென்ன, போன் சொல்லுமே" என்று பிள்ளை மறுமொழி கூறக்கூடும். அது உண்மைதான். செடியையோ பூச்சியையோ படம் பிடித்துக் கொடுத்தால் இன்ன இனம் என்று சொல்லும் கணினி முறைகள் இன்று எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. பிரான்சிய ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய 'பிளான்ட்நெட்' செடிகளின் பெயரைச் சொல்கிறது. 2008ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மாணவர் சிலரின் பட்டப்படிப்பு முயற்சியாகத் தொடங்கிய 'ஐநேச்சுரலிஸ்ட்' எல்லா உயிர்களுக்கும் பெயர் சொல்ல முயல்கிறது. இது நன்மையா, தீமையா? இன்னும் சரியாகக் கேட்பதானால், கருவி பெயரைச் சொல்லிவிட்டால் எமது கடமை முடிந்துவிடுமா?

முதலில் கருவியின் கதையைக் கேளுங்கள். 1936ஆம் ஆண்டு ஆங்கிலேய அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் ஒரு கட்டுரை எழுதினார். எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் அளந்து வைத்திருந்த 150 ஐரிஸ் மலர்களின் இதழளவுகளைக் கொண்டு, மூன்று இனங்களைக் கணக்கினாலேயே பிரிக்க முயன்றார். ஓர் இனம் தெளிவாகப் பிரிந்தது. மற்ற இரண்டும் ஓரங்களில் ஒன்றோடொன்று கலந்தன. அன்று அளவுகோலால் செய்ததை இன்று கணினி படங்களைக் கொண்டு செய்கிறது. மனிதர் பெயரிட்டுக் கொடுத்த இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி, புதிய படம் வந்ததும் தான் கற்றவற்றுள் எதற்கு அது மிக நெருக்கமென்று சொல்கிறது. ஓரங்களில் கலக்கும் அந்தப் பழைய ஐயமும் முற்றாக நீங்கிவிடவில்லை.

ஆகவே கருவி கற்றதெல்லாம் மனிதர் கற்பித்ததே. எங்கே மிகுதியாகப் படம் பிடித்தார்களோ அங்குள்ள உயிர்களை அது நன்கறியும். 1983 முதல் 2009 வரை போர் நடந்த எமது மண்ணில், களப்போரங்களில் உலாவி, புழுவையும் பூவையும் படம் பிடித்துத் திரிய யாருக்கு இயன்றது? எமது கரையிலே கருவி தடுமாறினால் அதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பதை மறவாதிருப்போம்.

இனிப் பெயரைப் பற்றிச் சிந்திப்போம். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு பனைக்கு 'பொராசஸ் ஃபிளாபெலிஃபர்' என்று பெயரிட்டார். அவர் எமது நாட்டு மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. ஆயினும் அந்தப் பெயர் உலகத்தார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள உதவுகிறது, அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் எமது ஆச்சிமாரைக் கேளுங்கள். இளையது வடலி, வளர்ந்தது பனை. ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. இளங்காயிலே நுங்கு, முளைத்த கொட்டைக்குள்ளே பூரான், மண்ணுக்குள்ளே கிழங்கு. இத்தனை சொற்களும் பார்த்துப் பார்த்து, உண்டு, பாதுகாத்து, வாழ்ந்ததனால் பிறந்தவை. கருவி தருவது ஒரு பெயர், ஆச்சி தருவது ஓர் உறவு.

களப்போரத் தில்லை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை படம் பிடிக்கிறான், கருவி ஒரு லத்தீன் பெயரைச் சொல்கிறது. பக்கத்தில் நிற்கும் அப்பப்பாவோ, "தம்பி, அது தில்லையடா. கொப்பை முறியாதை, பால் கண்ணிலை பட்டால் பார்வை போயிடும்" என்கிறார். பெயரோடு எச்சரிக்கையும், எச்சரிக்கையோடு அன்பும் சேர்ந்து வருகின்றன. பிள்ளை தவறிழைத்தால் அப்பப்பாவின் நெஞ்சு நோகும். கருவிக்கு நோவதற்கு நெஞ்சில்லை. பொறுப்பு என்பது இங்கேதான் பிறக்கிறது.

இதை வெறும் உணர்ச்சிப் பேச்சென்று எண்ணாதீர்கள். கட்டுவிரியனைப் போலவே உடலில் வெள்ளைக் கோடுகளைக் கொண்ட நஞ்சற்ற பாம்புகள் உண்டு. மங்கிய ஒளியில் எடுத்த படத்தைக் கண்டு கருவி மாறிச் சொன்னால், ஒருபுறம் அப்பாவி உயிரொன்று அடிபட்டுச் சாகும், மறுபுறம் "நஞ்சில்லை" என்ற நம்பிக்கையில் ஒரு குடும்பம் தன் பிள்ளையை இழக்கும். பாம்பு தீண்டினால் படம் பிடிப்பதற்காக அதன் பின்னே ஓடவேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வைத்தியர்கள் நோயாளியின் உடற்குறிகளையும் இரத்தம் உறையும் விதத்தையும் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். இங்கே பயன்படும் இந்திய நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது. அதுபோலவே, காளானையோ காட்டுக் கீரையையோ கருவியின் சொல்லை மட்டும் நம்பி உண்ணாதீர்கள்.

ஆதியாகமத்திலே இறைவன் உயிர்களையெல்லாம் மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்த்ததாக வாசிக்கிறோம். பெயரிடும் பணி மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பெயரிட்டவன் பாதுகாக்கவும் கடமைப்பட்டவன். ஒவ்வோர் உயிரினமும் எமக்குப் பயன்படுவதால் மட்டுமல்ல, தன்னளவிலேயே மதிப்புடையது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டியதும் இதனாலேயே. கருவியிடம் உதவி கேட்கலாம். ஒப்படைக்கப்பட்ட பணியை மீண்டும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவ முடியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். முகத்தைப் பார்த்து மனிதரை அடையாளம் காணும் கணினிகளும் இன்று உள்ளன. அவையும் தாம் கற்றவற்றுள் நெருங்கியதையே சொல்கின்றன. சோதனைச் சாவடிகளிலே அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற மக்கள் நாம். ஒரு பெயரும் ஒரு வகையும் ஒட்டப்பட்டு, அதற்குள்ளே அடக்கப்படுவதன் பாரம் எமக்குத் தெரியும். ஒட்டப்பட்ட சீட்டு எவ்வளவு சரியானதாயினும் முழு உயிரையும் சொல்லிவிடாது. இது புழுவுக்கும் பொருந்தும், மனிதனுக்கும் பொருந்தும்.

அப்படியானால் கருவியை வீசிவிடுவதா? வேண்டாம். ஐநேச்சுரலிஸ்டிலேயே கணினி சொன்னது முடிந்த முடிபாகாது. பார்த்தவர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் உடன்பட்ட பின்னரே ஓர் இனப்பெயர் ஆய்வுத் தரம் பெறுகிறது. கருவி வினாவைத் தொடக்குகிறது, மனிதர் கூடி விடை காண்கிறார்கள். நல்ல ஒழுங்கு இது.

எமது ஊரிலேயே தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் இருக்கிறது. உயர்தர மாணவர்க்கான அதன் மாதிரிப் பரீட்சைத் தாள்களை வடபுலத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அதன் பெயரிலே 'வெளிக்களம்' என்ற சொல் இருப்பதையும் ஒருகணம் எண்ணுங்கள். உயிர்களைப் பற்றிய அறிவு வெளியிலே, சேற்றிலே, வெயிலிலே தொடங்குகிறது.

பெற்றோரே, வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு களப்போரம் போங்கள். கைத்தொலைபேசியும் உடன் வரட்டும். அது ஒரு பெயரைச் சொன்னதும், "அது சரிதானா? எப்படி அறியலாம்? இதனை எமது ஊரார் என்னவென்று அழைப்பர்? இதற்கு எம்மால் தீங்கு நேராதிருக்க என்ன செய்யலாம்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். முடியுமானால் ஒரு முதியவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தெரிந்த பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அவரோடு அவை மறைந்துவிட்டால், எந்தக் கணினியாலும் அவற்றை மீட்டுத் தர முடியாது.