கட்டணமாகக் கேட்கப்படும் கவிதை

1994ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஆடம்ஸ் மார்கன் பகுதியிலுள்ள மேரி ரீட் தொடக்கப் பள்ளியில் ஜூலி கென்னடி என்ற இளம் ஆசிரியை பணியாற்றினார். பள்ளி விட்ட பிறகு தன் வகுப்புச் சிறுமிகளுக்குப் போவதற்கு ஓர் இடமும் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை என்பதைக் கவனித்தார். அவர்களைத் திரட்டிக் கால்பந்து ஆட ஆரம்பித்தார். மழை பெய்த நாட்களில் வகுப்பறைக்குள் அழைத்துவந்து கவிதை எழுதவைத்தார். 'டிசி ஸ்கோர்ஸ்' என்ற அமைப்பு பிறந்த கதை இது. பின்னர் அதே முறை 'அமெரிக்கா ஸ்கோர்ஸ்' என்ற பெயரில் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ எனப் பல நகரங்களுக்கும் போனது.

இந்தக் கதையை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியைவிடப் பொறாமைதான். எங்கள் பள்ளியில் 'கேம்ஸ் பீரியட்' என்றால் கணக்கு டீச்சர் வந்து மீதிப் பாடத்தை முடிக்கும் நேரம். பையன்கள் எப்படியோ நழுவி மைதானத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். ஓடுவது எப்படி இருக்கும் என்பதை நான் கவிதையில்தான் தெரிந்துகொண்டேன். கவிதைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே யாரோ ஒரு சுவரை எழுப்பியிருக்கிறார்கள் என்பது தெரிய எனக்கு முப்பது வயதானது.

வாஷிங்டனில் அந்தச் சுவரை உடைத்த விதம் எளிமையானது. அரசுப் பள்ளி, பள்ளி நேரம் முடிந்த மாலை, கட்டணம் கிடையாது. பயிற்சியாளர்களில் பலர் அதே பள்ளியின் ஆசிரியர்கள். மற்றப் பள்ளிகளோடு போட்டிகள் உண்டு. இலையுதிர் காலத்தில் கால்பந்தோடு கவிதை. வசந்த காலத்தில் கால்பந்தோடு தங்கள் தெருவுக்கும் வட்டாரத்துக்கும் தேவையான ஒரு வேலையைப் பிள்ளைகளே தேர்ந்து செய்வார்கள். கவிதைப் பருவம் முடியும்போது ஒரு மேடை நிகழ்வு. இந்தப் பிள்ளைகளை அவர்கள் கவிஞர் என்றும் வீராங்கனை என்றும் பிரித்துச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லால் அழைக்கிறார்கள்.

கட்டணம் கிடையாது என்பதை அமெரிக்கச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சிறுவர் கால்பந்து பெருமளவு கட்டணக் கிளப்புகளின் கையில் இருக்கிறது. சேர்வதற்குப் பணம், சீருடைக்குப் பணம், வாரக் கடைசியில் தொலைவிலுள்ள மைதானத்துக்குக் கொண்டுபோய்விட ஒரு கார், காரை ஓட்ட வேலைக்குப் போகாத ஒரு பெற்றோர். 1972இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றது. அதன் பிறகு பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விளையாடும் பெண்கள் பல மடங்கு பெருகினார்கள். ஆனால் சட்டம் கதவைத் திறக்கும், பேருந்துக் காசு தராது. நகரத்தின் நடுவே ஏழைக் குடியிருப்புகளில் வளரும் கறுப்பினச் சிறுமிக்கும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துச் சிறுமிக்கும் அந்தத் திறந்த கதவு வெகுதூரத்தில் இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை பக்கத்திலேயே இருந்தது.

கால்பந்தைக் காலால் ஆட வேண்டும். இது அற்பமான விஷயம்போலத் தெரியலாம். தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு அப்படித் தெரியவில்லை. நம் பிள்ளைத்தமிழ் இலக்கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பருவங்களில் முதல் ஏழும் இருபால் குழந்தைகளுக்கும் பொது. கடைசி மூன்றில் பிரிகிறார்கள். பெண் குழந்தைக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும். ஆண் குழந்தைக்குச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும். கழங்கும் அம்மானையும் கையால் ஆடுபவை, உட்கார்ந்த இடத்திலேயே ஆடலாம். ஊசல் எவ்வளவு வீசினாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். ஆண் குழந்தையின் சிற்றில் பருவம் எது தெரியுமா? சிறுமிகள் கட்டிய மணல் வீட்டை அவன் காலால் சிதைக்க வருவதும், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதும். அவன் கால் உதைக்கலாம், அது அழகு. அவள் கை கட்டலாம், அது ஒழுங்கு. இதை இத்தனை நூற்றாண்டுகள் நாம் இனிக்க இனிக்கப் பாடியிருக்கிறோம்.

1980இல் வெளியான ஒரு கட்டுரையில் அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மேரியன் யங், பெண்கள் எறியும்போதும் ஓடும்போதும் ஏன் முழு உடம்பையும் அதில் இறக்குவதில்லை என்று கேட்டார். காரணம் எலும்பிலோ தசையிலோ இல்லை. தன்னைச் சுற்றி ஓர் எல்லை இருப்பதாகவே ஒரு பெண் வளர்கிறாள், தன் உடம்பை வைத்துச் செய்வதைவிட அதைப் பிறர் பார்ப்பதையே அதிகம் நினைக்கிறாள் என்று விளக்கினார். பத்து வயதில் பந்தை ஓங்கி உதைக்கும் சிறுமி இந்த எல்லையைத்தான் உதைக்கிறாள். பந்தைக் கேட்டு மைதானத்தில் கத்தும் சிறுமி, மெல்லப் பேசு என்ற பாடத்தை மறக்கத் தொடங்குகிறாள். அந்தக் கத்தலுக்கும் அவள் எழுதப்போகும் முதல் வரிக்கும் உறவு உண்டு. ஆகவே கால்பந்தையும் கவிதையையும் சேர்த்தது தற்செயலாக நடந்தாலும் சரியாக நடந்திருக்கிறது.

நம்மிடமும் பந்தும் பாட்டும் சேர்ந்தே இருந்தன. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துக வரி இருக்கிறது. பெண்கள் பந்தடித்தபடி பாடுகிறார்கள். யாரைப் பாடுகிறார்கள்? பாண்டியனை. அம்மானை வரியில் சோழன், ஊசல் வரியில் சேரன். பந்து அவர்கள் கையில் இருக்கிறது, மூச்சு அவர்களுடையது, பாட்டின் பொருள் மட்டும் அரசனுடையது. பல ஆண்டுகள் அதை வகுப்பில் நடத்தியும் எனக்கு உறைக்கவில்லை. நான் ஒரு தவறு செய்த பிறகுதான் உறைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு பள்ளியில், வாஷிங்டன் கதையைப் பின்பற்றி, உடற்கல்வி ஆசிரியை ஒருவரோடு சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடத்தினேன். ஏழாம், எட்டாம் வகுப்புச் சிறுமிகள். முதல் ஒரு மணி நேரம் கவிதை, பிறகு பந்து. கவிதை வகுப்புக்கு வந்தால்தான் பந்து. அந்த விதியைப் போட்டது நான்தான். அப்போது அது எனக்கு விதியாகவே தெரியவில்லை. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத் தருகிற கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

ஆண்டு முடிவில் ஒரு சிறு விழா. பூட்ஸும் பந்தும் வாங்கித் தந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கோல்கீப்பராக ஆடிய சிறுமி இரண்டு கவிதைகள் எழுதியிருந்தாள். ஒன்று, குடித்துவிட்டு வரும் அப்பாவைப் பற்றியது. மற்றொன்று, ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தது பற்றியது. எதை மேடைக்குத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் வாசித்தாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டுக்கான உதவி அந்த மாலையே உறுதியானது. அதற்கடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பள்ளி வாசலில் காத்திருந்து காரணம் கேட்டேன். தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பந்து பிடிச்சதப் பத்தியும் ஒண்ணு எழுதியிருந்தேனே மிஸ். அத ஏன் நீங்க கேக்கல?"

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காது கொடுப்பதும் கேட்பதுதான், கொடு என்று வேண்டுவதும் கேட்பதுதான். நான் அவளுக்குக் காது கொடுப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவளிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தேன். பந்துக்கு விலையாகக் கவிதை, கவிதைக்கு விலையாகக் காயம். முன்வரிசையில் பாண்டியன் உட்கார்ந்திருந்தான். அவனை வாழ்த்திப் பாட வேண்டியதில்லை, அவன் முன்னால் அழுதால் போதும். வாழ்த்தின் வேறொரு வடிவம் அது.

இது என் ஒருத்தியின் தவறு மட்டுமில்லை, இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றுக்கும் நிதியோடு சேர்ந்து வரும் ஆபத்து. மேடைக் கவிதைப் போட்டியை 1980களின் நடுவில் சிகாகோவில் தொடங்கிய மார்க் ஸ்மித் ஒரு கட்டடத் தொழிலாளி. பார்வையாளர்களிலிருந்தே நடுவர்களைப் பிடித்து, கவிதைக்கு மதிப்பெண் போடச் சொன்னார். கவிதையைப் பேராசிரியர்களிடமிருந்து மீட்டு, ஆட்டத்தைப் பார்ப்பதுபோலக் கைதட்டிச் சீட்டியடித்துக் கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்த நல்ல குறும்பு அது. தன் பள்ளித் தோழிகள் கோலுக்குக் கத்துவதுபோல ஒரு சிறுமியின் கவிதைக்குக் கத்துவதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் மதிப்பெண் இருக்கும் இடத்தில் எதற்கு மதிப்பெண் அதிகம் என்பதைப் பிள்ளைகள் வெகுவேகமாகப் படித்துவிடுவார்கள். துப்பாக்கிச் சூடு, சிறைக்குப் போன அண்ணன், குடிகார அப்பா. ஏழைக் குழந்தை எதைப் பற்றி எழுத வேண்டும் என்பது எழுதும் முன்பே முடிவாகிவிடுகிறது.

என் தோழி ஒருத்தி, தலித் பெண்களோடு நெடுங்காலம் வேலை செய்தவள், இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மௌனமா இருக்கிற உரிமையப் பத்திப் பேச உனக்கு வசதி இருக்கு. காலங்காலமா வாயடைச்சு வச்சிருக்கிற பொண்ணுங்கள ஒரு தடவையாவது பேசவைக்க வேணாமா? கணக்கக் கட்டாயமாத்தானே சொல்லித் தர்றோம்?" என்றாள். அதை எளிதில் தள்ள முடியாது. அந்தச் சிறுமியின் அப்பா கவிதை பொய்யில்லை, மோசமான கவிதையும் இல்லை. ஊரே கேட்க வேண்டிய கவிதை. வாஷிங்டனிலும் விருப்பப்பட்டவர்கள் மட்டும் எழுதட்டும் என்று விட்டிருந்தால், எழுத வரும் என்றே அறியாத பலர் அறியாமலே போயிருப்பார்கள். ஆடும் அணியே எழுதும் அணியாகவும் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பந்தில் தடுமாறுகிறவளை அணி தாங்குவதுபோல வரியில் தடுமாறுகிறவளையும் தாங்கும்.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு வேறுபாடு பிடிபட்டது. கணக்கைக் கட்டாயமாக்கலாம். ஏனெனில் உன் அப்பாவைப் பற்றி ஒரு கணக்குப் போடு என்று யாரும் சொல்வதில்லை. அதுபோலக் கவிதைப் பயிற்சியையும் எல்லோருக்கும் வைக்கலாம்: எதுகை பிடி, ஒரு பந்தை ஐந்து வரியில் சொல், மழையின் சத்தத்தை எழுது. திறமையைக் கேட்கலாம். ஒருத்தியின் உள்ளிருப்பதைத் தா என்று கேட்க முடியாது. அவளாகத் தந்தால், எங்கே, யார் முன்னால் என்பது அவள் முடிவு. வாயடைக்கப்படுவது வேறு, வாயைத் திறக்க மறுப்பது வேறு. முன்னதை உடைக்கிறேன் என்று பின்னதையும் உடைத்தால், பெண்ணின் வாயைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் மறுபடி இன்னொருவரிடம்தான் போகிறது. இந்த முறை அந்த இன்னொருவர் நானாக இருந்தேன்.

பந்து இன்னும் எளிய விஷயம். பையன் தெருவில் ஆடினால் எதற்கு ஆடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பெண் ஆடினால் அதற்குக் காரணம் வேண்டும்: உடம்புக்கு நல்லது, விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும், தன்னம்பிக்கை வரும், படிப்பு ஏறும். நல்லெண்ணத்தோடு நாம் சேர்த்த புதிய காரணம், கவிதை வரும் என்பது. ஆடப் பிடிக்கிறது என்பது ஒரு சிறுமிக்குப் போதுமான காரணமாக என்றைக்கு ஆகும்?

அந்த விதியை எடுத்துவிட்டோம். கவிதைக்கு வந்தாலும் வராவிட்டாலும் பந்து உண்டு. அடுத்த இரண்டு வாரம் என் வகுப்பில் மூன்று பேர்தான் இருந்தார்கள். சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு ஏழெட்டுப் பேர் ஆனார்கள். எல்லோரும் திரும்பவில்லை. விழாவில் எதை வாசிப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். பாதிக்குமேல் சினிமாப் பாட்டு மாதிரி இருந்தது, முன்வரிசையில் யாரும் அழவில்லை. உதவித்தொகை குறைந்தது. பழைய பந்துகளைத் தைத்து ஆடினார்கள். இதுதான் சரியான வழி என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பூட்ஸ் இல்லாமல் ஆடிய சிறுமியின் காலில் காயம் பட்டபோது, என் மனசாட்சிக்கு அவள் கால் விலை கொடுக்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

வாஷிங்டனின் அந்த முதல் மழை நாட்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்போது அமைப்பு இல்லை, மேடை இல்லை. ஒரு வகுப்பறை, ஆட முடியாத சிறுமிகள், ஓர் ஆசிரியை. எழுதியதைக் கேட்க அங்கே அரசன் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அமைப்பு வளர்வதும் நிதி வருவதும் தவறில்லை, வராவிட்டால் மைதானமே இல்லை. ஆனால் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த அறை உள்ளே எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல்.

எங்கள் கோல்கீப்பர் திரும்பி வந்தாள், பந்துக்கு மட்டும். ஒருநாள் தயங்கித் தயங்கி அந்த இன்னொரு கவிதையைப் பற்றி விசாரித்தேன். "அந்தத் தாள் எங்கயோ போயிடுச்சு மிஸ்" என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு கோலை நோக்கி ஓடினாள். உண்மையிலேயே தொலைந்ததா, எனக்குத் தர மனமில்லையா, தெரியாது. நான் மறுபடி கேட்கவில்லை.