யார் செய்த வினை?

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும். நான்கைந்து நாளில் தையல் போட்ட இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைக்கும். கொடுத்த ஆன்டிபயாடிக் எதற்கும் அது அடங்காது. அப்போது உறவினர் வாயில் முதலில் வருவது ‘விதி’. அடுத்து வருவது ‘அவருக்குத்தான் சுகர் இருக்கே’. முன்னது சமயத்தின் பேச்சு, பின்னது மருத்துவத்தின் பேச்சு. கேட்பதற்கு வேறாக இருந்தாலும் இரண்டும் துன்பத்தின் காரணத்தைப் படுத்திருப்பவரிடமே தேடுகின்றன. பெரும்பாலும் அது அங்கே இல்லை என்பதே என் வாதம்.

எம்ஆர்எஸ்ஏ என்று மருத்துவமனைகளில் சுருக்கிச் சொல்லப்படும் கிருமியை எடுத்துக்கொள்வோம். தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவில், மருந்துக்கு மசியாத வகை இது. மெதிசிலின் மருந்து 1959இல் வந்தது. 1961இலேயே அதை எதிர்த்து நிற்கும் கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டுவிட்டது. யாருக்கு இது எளிதில் தொற்றும் என்பதற்கு மருத்துவ நூல்களில் ஒரு பட்டியல் உண்டு. நெடுநாள் மருத்துவமனை வாசம், ஐசியுவில் இருந்தது, அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தது, அறுவைக் காயம், படுக்கைப்புண், சிறுநீர்க் குழாய், டயாலிசிஸ், நரம்பில் குத்தி வைத்த வென்ஃப்ளான், அதே வார்டில் கிருமி உள்ள இன்னொருவர் இருப்பது. இவற்றோடு முதுமை, சர்க்கரை நோய். கடைசி இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றை மறுபடி படித்துப் பாருங்கள். அவை நோயாளியின் இயல்புகளே அல்ல. பிறர் அவருக்குச் செய்தவை, அல்லது செய்யத் தவறியவை. அசைய முடியாதவரைச் சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால், முதுகுக்குக் கீழே எலும்பு அழுத்தும் இடத்தில் தோல் சிவக்கிறது. விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு அது. அப்போதும் யாரும் கவனிக்காவிட்டால் தோல் பிளந்து புண்ணாகிறது. ‘நோயாளிக்குப் படுக்கைப்புண் உள்ளது’ என்று கேஸ் ஷீட்டில் ஏறும்போது, புரட்டாமல் விட்டவர்கள் அந்த வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

‘அவரவர் வினை அவரவருக்கு’ என்ற நம்பிக்கை இதற்குத் துணை நிற்கிறது. ஆனால் வினைக்கோட்பாட்டை ஏற்ற மரபுகளே இதை இவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகர் என்னும் துறவி புத்தரிடம், இன்ப துன்பம் எல்லாமே முன்வினைதான் என்கிறார்களே, அது சரியா என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், உடலைப் பேணுவதில் நேரும் கோளாறு, வெளியிலிருந்து வரும் தாக்கு, எட்டாவதாக வினைப்பயன். எல்லாவற்றுக்கும் முன்வினையே காரணம் என்போர், தாமும் உலகமும் கண்கூடாக அறிந்ததையே மீறிப் பேசுகிறார்கள் என்று அவர் முடிக்கிறார். விசாரிக்காமல் விதியின் மேல் பழியைப் போடுவது பக்தி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சமயச் சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் யார் பொறுப்பு? எந்த நர்ஸும் எந்த டாக்டரும் கிருமியைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும் என்று நினைப்பதில்லை. எண்ணமே இல்லாத இடத்தில் பாவம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கனமான கேள்விதான். இதற்குச் சமணம் தரும் விடை எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி, பிரமாதத்தால், அதாவது விழிப்பற்ற செயலால், உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்று வரையறுக்கிறார். குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் இன்னும் கறாராகச் சொல்கிறார்: கவனமின்றி நடப்பவனுக்கு, உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும், இம்சை உறுதி, கவனத்தோடு நடப்பவனுக்கு, தற்செயலாக ஓர் உயிர் போனாலும் அதனால் வினைக்கட்டு இல்லை. ஒரு நோயாளியின் புண்ணைத் துடைத்த கையோடு அடுத்த கட்டிலின் கம்பியைப் பிடிக்கிறவருக்கு இது அப்படியே பொருந்தும். அடுத்தவருக்குத் தொற்றியதா இல்லையா என்பது பிறகு வரும் கணக்கு. கழுவாத கை நீண்ட அந்தக் கணமே தவறு நடந்துவிட்டது.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செமல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டது இதைத்தான். பிணப் பரிசோதனை முடித்த கையோடு டாக்டர்களும் மாணவர்களும் பிரசவ வார்டுக்கு வந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்ததும், ஏப்ரலில் ஏறக்குறைய 18 சதவீதமாக இருந்த தாய்மாரின் சாவு, அடுத்த சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. ஆனாலும் அக்காலத்து மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கைதான் கொன்றது என்று ஒப்புக்கொள்வது, தீய எண்ணம் இல்லாதவர்களுக்கு எவ்வளவு கடினம்!

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருக்கிறதே, நோயாளி தன் கிருமியாலேயே தொற்றுக்கு ஆளாகலாமே என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் அந்தக் கிருமிக்கு எதிர்ப்புத் திறன் பெருகியது, தேவையில்லாமல் அள்ளிக் கொடுத்த ஆன்டிபயாடிக்குகளால். இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: ஓர் இரவில் முப்பது நோயாளிகளைத் தனியாகப் பார்க்கும் நர்ஸைக் குற்றவாளியாக்குவது நியாயமா? நியாயமில்லை. இதற்கும் சமணத்தில் இடமுண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினையை அது மூன்றாகப் பகுக்கிறது. ஆள் போடாத நிர்வாகமும், வாஷ்பேசினில் சோப்பு வைக்காத அதிகாரியும் செய்விப்பவர்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் ‘ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை கொடுங்க’ என்று மருந்துக்கடையில் நிற்கும் நாம் உடன்படுகிறவர்கள்.

எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா? இங்கிலாந்து அந்த ஐயத்துக்குச் செயலால் பதில் சொன்னது. ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ கலந்த ஒவ்வொரு நேர்வையும் மருத்துவமனை வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2001இல் கட்டாயமாக்கியது. அதைப் பாதியாகக் குறைக்க 2004இல் இலக்கு வைத்தது. 2003-04இல் 7,000க்கு மேல் இருந்த எண்ணிக்கை 2008-09இல் 3,000க்குக் கீழே வந்தது. நோயாளிகளின் முன்வினை ஐந்தாண்டில் பாதிக்கு மேல் கரைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவின் 43 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. கிருமி யாரிடம் இருக்கிறது என்று சோதித்துத் தனிமைப்படுத்துவதைவிட, ஐசியுவில் உள்ள எல்லோருக்குமே தினமும் குளோர்ஹெக்சிடின் கொண்டு உடல் துடைத்து, மூக்குக்குள் மருந்து தடவியது அதிகப் பலன் தந்தது. ரத்தத் தொற்று 44 சதவீதம் குறைந்தது. தனிமைப்படுத்துதல் தேவைப்படும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தனியறையில் வைத்தவரை எட்டிப் பார்ப்பதே குறைந்துபோனால் அவருக்கு இன்னொரு கேடு விளைகிறது. தீட்டு என்ற பெயரில் மனிதரை ஒதுக்கிப் பழகிய சமூகம் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் யாரையாவது பார்க்கப் போனால், அவர் கையைப் பிடிக்கும் முன் உங்கள் கையைக் கழுவுங்கள். வெளியே வரும்போதும் கழுவுங்கள். வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்திருந்தால் உடனே சொல்லுங்கள். தொட வருகிறவர் டாக்டரே ஆனாலும், ‘கை சுத்தம் பண்ணிட்டீங்களா?’ என்று பணிவாகக் கேளுங்கள். கேட்கப்படுகிறவர்கள் தயவுசெய்து கோபப்பட வேண்டாம்.