தேனின் நன்மையும் நமது விரதமும்

தேன் ஈயின் எச்சில், உடலுக்கு ஒவ்வாதது, ஆதலால் விலக்கப்பட்டது என்று நம்மவர் சிலர் பிள்ளைகளுக்குக் கூறுகின்றனர். இதனை நான் ஏற்பதற்கில்லை. தேனில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரைச் சத்து. 100 கிராம் தேன் சுமார் 300 கலோரி ஆற்றல் தரும். நீர் குறைந்தும் புளிப்புத் தன்மை மிகுந்தும் இருத்தலால் அதில் கிருமிகள் எளிதில் பெருகா. இருமலுக்கும் சிறு தீப்புண்ணுக்கும் அது பயன்படுவதை இன்றைய மருத்துவமும் ஒப்புகிறது. (ஓராண்டு நிறையாத குழந்தைக்கு மட்டும் நாவில் தடவவும் கூடாது.) மார்த்தாண்டம் பகுதியில் பல குடும்பங்களுக்கு அது வருவாய். நல்ல பொருளைத் தீயதென்று சொல்லி விலக்கினால், பாடநூலில் உண்மையைக் கண்ட அன்றே பிள்ளைகள் விரதத்தையும் சேர்த்துக் கைவிடுவர்.

அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் கள், ஊன், தேன், ஐவகை அத்தியினப் பழங்கள் ஆகியவற்றை விடுதலை இல்லறத்தாரின் முதற்கடனாக வைத்தார். (வடநூலில் வரும் 'மது' தேனே, தமிழில் அச்சொல் கள்ளையும் குறித்தலால் சிலர் மயங்குகின்றனர்.) மலைத்தேன் எடுப்போர் புகையிட்டு அடையை அறுத்துப் பிழிகையில் புழுவும் முட்டையும் உடன் நசுங்குகின்றன. மனிதரைக் கொட்டிய தேனீயும் கொடுக்கை இழந்து மடிகிறது.

"பெட்டித்தேனில் சட்டத்தைச் சுழற்றித் தேனை மட்டும் பிரிக்கிறார்கள், அங்கே கொலை ஏது பாட்டி?" என்று என் பெயர்த்தி கேட்டாள். கேள்வி நியாயமானது, கொலை குறைந்தது உண்மை. தானே ஒழுகிய தேனையும், அதனைச் சார்ந்த சிற்றுயிர்களைக் கருதி, அந்நூல் விலக்குகிறது. எனினும் எனக்கு அதனினும் வலிதாகத் தோன்றுவது கள்ளாமை என்னும் விரதம். ஒரு வேலைக்காரத் தேனீ வாழ்நாள் முழுதும் ஈட்டும் தேன் ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே. பூவற்ற காலத்திற்கென்று அது சேமித்ததை எடுத்துக்கொண்டு சர்க்கரைப் பாகை வைக்கிறோம். கொடாததைக் கொள்ளுதலுக்கு வேறு பெயர் உண்டோ?

பாலும் கன்றுக்குரியதன்றோ என்று அவள் விடாமல் கேட்டாள். கன்றுக்கு விட்டுக் கறந்த வீடுகளில் இதற்கு விடை எளிது. உறையில் அடைத்த பால் வாங்கும் எனக்கு எளிதன்று. அவளிடமும் அவ்வாறே கூறினேன்.

சூரணத்திற்குத் துணைமருந்தாகத் தேன் சொல்லப்படுமாயின், வெந்நீர், நெய், பனைவெல்லம் இவற்றுள் எது பொருந்தும் என மருத்துவரை முன்னரே வினவுதல் நன்று. கடையில் விற்கும் இருமல் பாகிலும் சிலவற்றில் தேன் உண்டு. அது உறையில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். என் வீட்டில் அதனைப் படித்துச் சொல்பவள் அப்பெயர்த்தியே.