அனுமானம் எதுவரை? பார்லியும் ஸ்ரீபாஷ்யமும்

ஒன்றை நேரில் காணாமல் அதன் அடையாளத்தைக் கொண்டு அறிவது அனுமானம். மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று துணிவதைத் தர்க்க நூல்கள் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பும் உண்டு என்ற தவறாத தொடர்புக்கு வியாப்தி என்று பெயர். அனுமானத்தின் பலமெல்லாம் வியாப்தியின் பலமே. அந்தப் பலம் எதுவரை செல்லும் என்ற கேள்வியை இறைவன் விஷயத்திலேயே எழுப்பியவர் ராமானுஜர். அவர் 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார் என்பது மரபு. பார்லியின் மரபணு ஆய்விலும் இதே கேள்வி வருகிறது.

கஞ்சிக்கும் மால்ட்டுக்கும் பயன்படும் பார்லிக்கு 7 ஜோடி குரோமோசோம்கள். அதன் மரபுத்தொகுதியில் சுமார் 500 கோடி கார இணைகள் உள்ளன. மனிதனுக்கு இருப்பது 300 கோடி அளவே. இத்தனை நீளத்தில் ஒரு குணத்துக்குரிய மரபணுவைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. அதனால் அதன் அருகில் இருக்கும், சோதித்தால் எளிதில் தெரியும் டி.என்.ஏ. வேறுபாடு ஒன்றை அடையாளமாகக் கொள்கிறார்கள். மூலக்கூறு மார்க்கர் என்பது இதுதான். இத்தகைய மார்க்கர்களால் ஆன விரிவான பார்லி வரைபடங்கள் 1991 முதல் வெளிவந்தன. ஸ்டெப்டோ, மோரெக்ஸ் என்ற இரு ரகங்களின் கலப்பிலிருந்து உருவான வரைபடம் 1993இல் வந்தது.

முறை இது: குணத்தில் வேறுபட்ட இரு ரகங்களைக் கலப்புச் செய்து, சந்ததிகளில் எந்த மார்க்கர் எந்தக் குணத்தோடு சேர்ந்தே வருகிறது என்று எண்ணுவார்கள். நூறு வாய்ப்பில் ஒருமுறை இரண்டும் பிரிந்தால், இடைத்தொலைவு ஒரு சென்டிமார்கன். தொடர்பு உறுதியானால், அந்தக் குணம் வருமா என்று கணிக்க நாற்றின் இலைத்துண்டு ஒன்றே போதும். நோய் வரும்வரையோ கதிர் முற்றும்வரையோ காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் மார்க்கர் பெரும்பாலும் அடையாளமே தவிரக் காரணம் அல்ல. குரோமோசோம்கள் குறுக்கேற்றத்தில் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது மார்க்கர் தங்கி, மரபணு போய்விடலாம். தர்க்கம் இதை வியபிசாரம் என்று சொல்லும். ஒரு கலப்பில் கண்ட தொடர்பு வேறொரு கலப்பில் பொய்த்தும் போகலாம்.

விளைவைக் கொண்டு மூலத்தை அனுமானிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பார்லிக் கதிரின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று சிறுகதிர்கள் உண்டு. நடுவில் உள்ளது மட்டும் மணி பிடித்தால் இரு வரிசைக் கதிர். மூன்றும் பிடித்தால் ஆறு வரிசைக் கதிர். பக்கச் சிறுகதிர்களை அடக்கிவைக்கும் மரபணு 2ஆம் குரோமோசோமில் உள்ள விஆர்எஸ்1 என்று 2007இல் கண்டறியப்பட்டது. அது செயலிழந்தால் கதிர் ஆறு வரிசையாகும். அந்தச் செயலிழப்பு ஒரே முறை நேர்ந்ததல்ல. வெவ்வேறு திடீர்மாற்றங்களால் தனித்தனியே பலமுறை நேர்ந்திருக்கிறது. விளைவு ஒன்றாகத் தெரிவதால் மூலமும் ஒன்று என்று முடிவு கட்ட இயலாது.

ஸ்ரீபாஷ்யத்தில் பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை கூறும்போது ராமானுஜர் நடத்தும் வாதமும் இத்தகையதே. குடத்துக்குக் குயவன் போல உலகுக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்பது நியாயவாதிகளின் அனுமானம். நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாம் உடல் உள்ளவர்கள் என்றும், மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவராலேயே செய்யப்பட்டன என்பதற்குச் சான்றில்லை என்றும் அவர் மறுக்கிறார். அவர் பிறந்த ஊரைச் சுற்றிய தொழிற்பேட்டைகளிலும் இதைக் காணலாம்: காரின் பாகங்களைப் பூட்டுவது இருங்காட்டுக்கோட்டையில், டயர் செய்வது ஒரகடத்தில், கண்ணாடி வார்ப்பது ஸ்ரீபெரும்புதூரில். வண்டி ஒன்றாக நிற்பதைக் கொண்டு அதைச் செய்தவர் ஒருவரே என்று சொல்ல முடியாது.

இதனால் ராமானுஜர் இறைவனையோ அனுமானத்தையோ மறுத்தவர் ஆகார். பிரத்தியட்சம் (நேரில் அறிதல்), அனுமானம், சப்தம் (சாஸ்திரச் சொல்) ஆகிய மூன்றையும் அவர் பிரமாணங்களாக, அதாவது அறியும் வழிகளாக, ஏற்கிறார். புலனுக்கு எட்டாத பிரம்மத்தை அறிய மட்டும் சாஸ்திரமே வழி என்கிறார். பார்லி ஆய்வாளர் இந்த இடத்தில் பிரிந்து செல்கிறார். அவருடைய பொருள் புலனுக்கு எட்டுவது. சந்தேகம் வந்தால் வயலில் விதைத்துப் பார்க்கலாம். ஒரு கலப்பின் சந்ததியில் கிடைத்த மார்க்கரை மற்றொன்றில் சோதித்த பிறகே நம்புவது அதனால்தான்.

மரபணுவே விதி என்ற பேச்சு இந்த எல்லையை மறந்ததால் வருவது. மார்க்கர் சொல்வது, சோதித்த கலப்புக்குள், சோதித்த சூழலில், ஒரு குணம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதையே. அதற்கு மேல் சொல்வது வியாப்தி இல்லாத அனுமானம்.