வினவுதலும் தவமே

அகத்தவம் ஆறனுள் சுவாத்தியாயமும் ஒன்று. வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், ஓதிப் பயிலுதல், அறம் உரைத்தல் என அஃது ஐவகைப்படும் என்கிறது தத்துவார்த்த சூத்திரம்.

நம் ஊர் ஜினாலயத்தில் நூல் வாசிக்குங்கால், மூதாட்டி ஒருவர் கேட்டதையே மீண்டும் கேட்பார். "பாட்டிக்கு மறதி" என்று பலர் நகைத்தனர், நாமும் நகைத்தோம். சில திங்களில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். அவருக்குக் குறைந்தது நினைவன்று, செவிப்புலன் என்பது பின்னரே தெரிந்தது. பல்லாண்டு வகுப்பறையில் வினாக் கேட்கப் பழக்கிய நாம், வினவியவரை நாணச் செய்தோம். பிறர் அறிவு பெறுதலைத் தடுப்பது ஞானாவரணீய கர்மத்திற்கு வாயில் என்பதையும் அச்சூத்திரமே கூறுகிறது.

மறதிநோய்க்கு வித்தாகும், ஆயினும் மாற்றத்தக்க 14 காரணங்களை 2024-இல் லான்செட் ஆய்வுக் குழு எடுத்துரைத்தது. காது மந்தம், பார்வைக் குறை, இரத்தக் கொதிப்பு, தனிமை ஆகியன அவற்றுட் சில. இவை யாவும் நீங்கின், நோயுறுவோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேருக்கு அது வாராமலோ காலந்தாழ்ந்தோ போகக்கூடும் என்பது அவர்தம் கணிப்பு.

ஆதலின், இல்லத்து முதியோரின் செவியையும் கண்ணையும் பரிசோதிக்கச் செய்வீர். அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் ஆலயம் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துவீர். பேரப்பிள்ளைகளுக்குத் தோத்திரம் சொல்லித்தர வேண்டுவீர். மெய்யாகவே மறதியுற்றோரை "வினைப்பயன்" என்று ஒதுக்காது மருத்துவரிடம் காட்டுவீர். அவர்க்குச் செய்யும் பணிவிடையும் தவமே.

அம்மூதாட்டி இன்று செவிக்கருவி அணிந்து வருகிறார். அவருடைய வினாக்கள் சிலவற்றுக்கு நாமே நூலைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஜினதர்மம் வளர்க!