ஆசானின் கை எதுவரை?

கவிதைக்கு ஆசான் உண்டென்பதை நம் மரபு ஐயமின்றி ஏற்றிருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், எட்டயபுரம் கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டவர். தளை தட்டினால் தட்டியதுதான். அதில் வாதத்திற்கு இடமில்லை. கதைக்கு அத்தகைய அளவுகோல் கிடையாது. ஆகவே, கதை எழுத வருவோனுக்கு ஆசானாக அமர்பவர், எதைத் திருத்தலாம், எதைத் தொடலாகாது என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் கையில் ஒப்படைக்கப்படுவது ஓர் அமானிதம்.

நம் ஆரணியில் தறிக்குழியில் கால்வைத்து நாளெல்லாம் நாடா ஓட்டும் இளைஞன் ஒருவன், தன் முதல் கதையைக் கொண்டுவருகிறான் என்று கொள்வோம். முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு விலக முடியாமல் தவிக்கும் தகப்பனைப் பற்றிய கதை. பேச்செல்லாம் தறிவீட்டுப் பேச்சு. அரபும் செந்தமிழும் ஓதிய நம் போன்றோர் கையில் அது அகப்பட்டால் என்னவாகும்? ‘வந்துகினு’ என்பது ‘வந்துகொண்டு’ ஆகும். தகப்பனின் ஏச்சு நாகரிகம் பெறும். இறுதியில் ஓர் அறிவுரையும் ஒட்டிக்கொள்ளும். பிழையற்ற கதை கிடைக்கும். தகப்பன் அதில் இருக்கமாட்டார்.

தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். 1988-இல் நூலான அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, மலையாளமும் அரபும் கலந்த அக்கரையோர முஸ்லிம்களின் பேச்சைச் சுமந்து நடக்கிறது. பண்டிதர் ஒருவர் அன்பு மேலிட்டு அதைச் செந்தமிழாக்கிக் கொடுத்திருந்தால் அந்த ஊரே மறைந்திருக்கும். 1997-இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அந்தப் பேச்சும் சேர்ந்தே சிறப்புப் பெற்றது.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று இதனினும் சிக்கலானது. ரேமண்ட் கார்வர் என்னும் சிறுகதையாசிரியரின் கையெழுத்துப் படியில் பாதிக்கும் மேலானதைப் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் வெட்டினார். சில கதைகளின் முடிவையும் மாற்றினார். நூலை நிறுத்துமாறு 1980 ஜூலையில் கார்வர் மன்றாடிக் கடிதம் எழுதினார். 1981-இல் நூல் வந்தது, புகழும் வந்தது. 1988-இல் கார்வர் மறைந்தார். வெட்டப்படாத மூலம் 2009-இல்தான் தனி நூலாயிற்று. வெட்டியதே மேல் என்போர் இன்றும் உளர். இருக்கட்டும். மேலானது எது என்பது ஒரு வினா. யாருடையது என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கண்டதால் பின்னது தீர்ந்துவிடாது.

ஹதீஸ் கலை வல்லுநர் இதையொத்த வினாவை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். கேட்டெழுதிய ஏட்டில் மொழிப்பிழை தென்பட்டால் திருத்தலாமா? திருத்தலாம் என்றோரும் இருந்தனர். ஆனால் காழி இயாழ் (மறைவு கி.பி. 1149), இப்னு ஸலாஹ் (மறைவு கி.பி. 1245) ஆகிய இமாம்கள் காட்டிய வழி வேறு: உள்ளதை உள்ளபடி விட்டு, அதன்மேல் ‘ழப்பா’ என்னும் சிறு குறியிட்டு, சரியெனக் கருதுவதை ஓரத்தில் எழுதுதல். நாம் பிழையென எண்ணியதற்குப் பின்வருவோர் சரியான பொருள் காணக்கூடும் அல்லவா? நபிமொழியும் கதையும் ஒன்றல்ல. ஆயினும் இந்த ஒழுங்கு கதையாசானுக்கும் பொருந்தும்.

இளைஞனின் வாக்கியத்தை அடித்து எழுதாமல் ஓரத்தில் வினாக்களை எழுதுவோம்: ‘தகப்பன் இங்கே ஏன் மௌனமானார்?’ ‘முன்பணம் எவ்வளவு?’ விடையை அவனே எழுதட்டும். மதரஸாவில் உஸ்தாதின் முன் கிதாபு வாசிப்பதுபோல் கதையை வாய்விட்டு வாசிக்கச் செய்வோம். நாக்கு இடறும் இடம் அவனுக்கே புலப்படும். குறியொன்றும் இடாமல் புகழ்ந்து அனுப்பிவிடுவதோ, அறுந்த இழையைக் கண்டும் காணாததுபோல் தறியைவிட்டு நகர்வதாகும்.

மறுமுறை அவன் வரும்போது நம் ஓரக்குறிப்புகளில் பாதியை ஏற்காமலும் வரக்கூடும். ‘வந்துகினு’ அப்படியே இருக்கும். காரணம் கேட்போம். சொன்னானாயின், அடுத்த பக்கத்திற்குச் செல்வோம்.